பேச முடியாதவருடன் பேசுவது எப்படி?

இரண்டு விரல்களைத் தொண்டையின் முன்புறத்தில் மெல்ல வைத்துக்கொண்டு 'ஆ' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். விரல்களில் ஓர் அதிர்வு தெரிகிறதல்லவா? இப்போது அதே 'ஆ'வைக் கிசுகிசுவென்று சொல்லுங்கள். அதிர்வு நின்றுவிடும், ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் சொன்னது 'ஆ'தான், 'ஈ' அல்ல என்று தெரியும். மூன்றாவதாக, மூச்சை அடக்கிக்கொண்டு, வாயை மட்டும் திறந்து 'ஆ' சொல்ல முயலுங்கள். ஒன்றுமே வராது.

நாம் பேசுவது எப்படி என்பது இந்த மூன்று சோதனைகளிலேயே அடங்கியிருக்கிறது. நுரையீரலிலிருந்து காற்று மேலே வருகிறது. குரல்வளையில் குரல் நாண்கள் என்னும் இரண்டு தசை மடிப்புகள் அந்தக் காற்றால் அதிர்கின்றன. வளர்ந்த ஆணுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவை; பெண்ணுக்கு 200 தடவை அளவில். அந்த ஒலியைத் தொண்டை, நாக்கு, பல், உதடு ஆகியவை சேர்ந்து எழுத்துகளாக உருவாக்குகின்றன. கிசுகிசுக்கும்போது நாண்கள் அதிர்வதில்லை. ஆயினும் காற்று ஓடுகிறது, வாய் தன் வேலையைச் செய்கிறது. காற்றே ஓடாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது சோதனையில் நீங்கள் இருந்த நிலையில், நாள் கணக்கில் படுத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைக்கப்பட்டிருப்பவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களுடைய வாய் வழியாக, 7 அல்லது 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு வளையும் குழாய், இரண்டு குரல் நாண்களுக்கும் நடுவே புகுந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கும். குழாயின் கீழ்முனைக்குச் சற்று மேலே ஒரு சிறு பலூன் போன்ற உறை உண்டு. அதைக் காற்றால் ஊதி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிடுவார்கள். கருவி தள்ளும் காற்று மேலே கசியாமல் நுரையீரலுக்கே போகவேண்டும், வாயில் ஊறும் எச்சில் கீழே இறங்கி நுரையீரலைக் கெடுக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பலூனின் அழுத்தம் சாதாரணமாக 20 முதல் 30 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தமாக இருக்கும். அதைவிடக் கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவரின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கும், குறைந்தால் கசியும். ஒரு பள்ளிக்கூட அளவுகோலின் உயரத் தண்ணீர்தான் எல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது காற்று போகும் வழியைப் பாருங்கள். உள்ளே போவதும் குழாய் வழியாக. வெளியே வருவதும் குழாய் வழியாக. குரல் நாண்களுக்கும் வாய்க்கும் ஒரு துளிக் காற்றும் வராது. மூளை வாக்கியத்தை அமைக்கிறது, நாக்கு அசைகிறது, உதடு அசைகிறது. ஒலி இல்லை, கிசுகிசுப்புக்கூட இல்லை.

உயிரைக் கொடுத்தது, குரலை எடுத்தது

இந்த நிலை எப்போது தோன்றியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்கு அக்காலத்தில் இருந்த துணை 'இரும்பு நுரையீரல்' போன்ற கருவிகளே. இரும்பு நுரையீரல் என்பது நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும்படி உடலை அடைத்துக்கொள்ளும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து மூச்சு உள்ளே போகும். பிளெக்டாம் மருத்துவமனையில் தொடக்க வாரங்களில் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது மயக்க மருத்துவரான பியோர்ன் இப்சன் ஒரு புதிய வழியைச் சொன்னார். தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயில் துளையிட்டு, அதில் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். இயந்திரங்கள் போதாமையால் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1953இல் இப்சன் அதே நகரில் தொடங்கிய சிறப்புப் பிரிவையே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றாகக் கருதுகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரும்பு நுரையீரலில் இருந்தவரின் மூச்சு அவருடைய தொண்டை வழியாகவே வந்து போயிற்று. ஆகவே மூச்சு வெளிவரும் நேரம் பார்த்து அவரால் விட்டு விட்டுப் பேச முடிந்தது. உயிரைக் காப்பதில் அதைவிடப் பல மடங்கு சிறந்த குழாயோ குரலைப் பறித்துக்கொண்டது. அன்று முதல் இழந்த குரலுக்கு மாற்று வழி தேடும் வேலை, படுக்கையருகில் எந்நேரமும் நிற்கும் செவிலியர்மீது வந்து விழுந்தது. முன்பெல்லாம் இத்தகைய நோயாளிகளை ஆழ்ந்த மயக்கத்திலேயே வைத்திருப்பது வழக்கம். நீண்ட மயக்கம் தீங்கு என்று தெரிந்தபின், அண்மைப் பத்தாண்டுகளில் இயன்றவரை விழிப்புடன் வைத்திருக்கிறார்கள். அதனால், குழாயுடன் கண்திறந்து படுத்து, சொல்ல ஏதோ இருந்தும் சொல்ல முடியாமல் தவிப்பவர்களின் தொகை கூடியிருக்கிறது.

உதட்டைப் படித்தால் போதாதா?

போதாது. ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து, ஒலியில்லாமல் 'பணம்' என்று வாயசைத்துக் காட்டுங்கள். பிறகு 'மணம்' என்று அசையுங்கள். 'படி', 'மடி' என்று அசையுங்கள். அவரால் வேறுபாடு காண முடியாது. 'ப', 'ம' இரண்டிற்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. மூக்கு வழியாகக் காற்று போகிறதா இல்லையா என்பதே வேறுபாடு. அது கண்ணுக்குத் தெரியாது. 'க' பிறக்கும் இடமோ வாயின் பின்பகுதி. உதட்டைப் பார்த்து அதை அறியவே முடியாது. போதாக்குறைக்கு, நோயாளியின் வாயில் குழாய் இருக்கும். அதை இடம் நழுவாமல் நாடாவாலோ பிளாஸ்திரியாலோ கட்டியிருப்பார்கள்.

சைகையும் ஏமாற்றும். நோயாளி கையை வாயருகே கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாகமா? குழாய் உதட்டை அறுக்கிறதா? சளி அடைக்கிறதா? பல்செட் எங்கே என்று கேட்கிறாரா? பேனாவும் தாளும் வேண்டுமா? எதுவாகவும் இருக்கலாம். ஆனால் குழாயைப் பிடுங்க வருகிறார் என்று எடுத்துக்கொள்ளப்பட்டால், பாதுகாப்புக்காக அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிவிட நேரும். அப்புறம் எழுதிக் காட்டவும் வழியில்லை, விரலால் சுட்டவும் வழியில்லை. ஒரு செய்தி தவறாகப் படிக்கப்பட்டதால் மிச்சமிருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகிறது. இது கற்பனைக் கவலை அன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் மேரி பெத் ஹாப் என்னும் செவிலியர்-ஆய்வாளரும் அவர் குழுவினரும் 10 செவிலியர்களும் 30 நோயாளிகளும் பேசிக்கொள்வதை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றில் 86 உரையாடல்களைத் தொடங்கியவர் செவிலியரே. நோயாளி தாமாகத் தொடங்கியது மிகக் குறைவு. மொத்தத்தில் பெரும்பாலானவை வெற்றிகரமாக முடிந்தன. ஆனால் வலியைப் பற்றிய செய்திகளில் மட்டும் மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்ச் சேரவில்லை. நோயாளி சொல்ல மிகவும் விரும்புவது எதுவோ, அதுவே அதிகம் தவறியது.

ஆம், இல்லை

அப்படியானால் என்ன செய்வது? ஒன்றையாவது ஐயமின்றி அனுப்பக்கூடிய வழி வேண்டும். தேர்ந்த செவிலியர் முதலில் செய்வது அதைத்தான். நோயாளியின் உடலில் அவர் கட்டுப்பாட்டில் எது இருக்கிறது என்று தேடுவார். விரலை அசைக்க முடிந்தால் விரல், இல்லையேல் கண். 'ஆம் என்றால் ஒருமுறை அழுத்திக் கண்ணை மூடுங்கள். இல்லை என்றால் மேலே பாருங்கள்' என்று ஓர் உடன்பாடு செய்துகொள்வார். பிறகு அதை ஓர் அட்டையில் எழுதித் தலைமாட்டில் மாட்டுவார். இரவு முறைக்கு வரும் இன்னொரு செவிலியர் 'ஆம் என்றால் கையை அழுத்துங்கள்' என்று புதிதாக ஆரம்பித்தால் குழப்பம்தானே? அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் ஒரே குறியீடு தெரிந்திருக்க வேண்டும் என்பது தந்தித் துறையின் பால பாடம்.

'இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை' என்று வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள், ஆனால் எல்லோரும் நிமிடத்திற்குப் பலமுறை தாமாகவே கண்சிமிட்டுகிறோம். எது செய்தி, எது இயல்பு என்று பிரிப்பது கடினம். ஆம், இல்லை இரண்டிற்கும் தெளிவாக வேறுபட்ட சைகைகளே நல்லவை.

அடுத்தது கேள்வி கேட்கும் கலை. 'வலிக்கிறதா, தாகமா?' என்று கேட்டால் கண்மூடலுக்கு என்ன பொருள்? ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டபின் காத்திருக்க வேண்டும். மருந்தாலும் நோயாலும் தளர்ந்தவருக்குப் பதில் சொல்லப் பத்து வினாடிகூட ஆகலாம். அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால், முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதற்கானதாகப் பதிவாகிவிடும்! விடை கிடைத்ததும், 'முதுகு வலிக்கிறது என்கிறீர்கள், சரிதானா?' என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். பட்டியலின் முடிவில் 'நான் கேட்டவற்றில் எதுவும் இல்லையா?' என்ற கேள்வியும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நோயாளி நம்முடைய ஊகங்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பார்.

அறையின் இரைச்சலையும் கணக்கில் கொள்ள வேண்டும். நோயாளிகள் இருக்கும் அறையில் ஒலி 35 டெசிபலுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அபாய மணிகளும் கருவிகளும் பேச்சொலிகளும் சேர்ந்து 50 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 15 டெசிபல் வேறுபாடு என்றால் ஒலிச் செறிவில் ஏறக்குறைய 30 மடங்கு. கட்டிலின் கால்மாட்டில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசும் செவிலியர் அரை மீட்டருக்கு நெருங்கி வந்தால், தூரம் நாலில் ஒன்றாகிறது. எதிர்விகித வர்க்க விதிப்படி செறிவு 16 மடங்கு, அதாவது 12 டெசிபல் கூடுகிறது. சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அறைக்குள் இவ்வளவு கிடைக்காது என்றாலும் கணிசமாகவே கிடைக்கும். குரலை உயர்த்தாமலே பெறக்கூடிய இலாபம் இது. முகமும் நோயாளியின் பார்வைக்குள் வந்துவிடுகிறது. மேசை இழுப்பறையில் கிடக்கும் மூக்குக் கண்ணாடியையும் காதொலிக் கருவியையும் எடுத்து மாட்டிவிடுவது இதைவிடவும் எளிது. அவசரத்தில் அதிகம் மறக்கப்படுவதும் அதுவே.

எட்டுக் கேள்வியில் ஓர் எழுத்து

ஆம்-இல்லை கேள்விகள் நாம் நினைத்துப் பார்த்தவற்றைத்தான் கேட்கும். 'வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்களா?' என்று ஒரு விவசாயி கேட்க விரும்பினால் எந்தப் பட்டியலில் அது இருக்கும்? அதற்கு எழுத்துக் கூட்டும் வழி வேண்டும். பிரான்சில் 'எல்' இதழின் ஆசிரியராக இருந்த ழான்-தொமினிக் போபி 1995 டிசம்பரில் மூளைத் தண்டில் ஏற்பட்ட தாக்குதலால் உடல் முழுவதும் செயலிழந்தார்; இடது கண்ணிமையை மட்டுமே அவரால் அசைக்க முடிந்தது. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி கண்சிமிட்டுவார். இப்படியே ஒரு முழு நூலை எழுதினார். அது 1997 மார்ச்சில் வெளிவந்த சில நாட்களுக்குள் அவர் காலமானார். அவருக்குச் சொல்லப்பட்ட எழுத்துகள் அகர வரிசையில் இல்லை; பிரெஞ்சு மொழியில் அதிகமாகப் பயன்படும் எழுத்து முதலிலும் அரிதானது கடைசியிலுமாக அடுக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ' என்னும் எழுத்துக்கு மோர்ஸ் குறியீட்டில் ஒற்றைப் புள்ளி கொடுத்திருப்பதும் இதே சிக்கனம்தான்.

நம் தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே, இந்த முறை நடக்குமா? பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஆம்-இல்லை கேள்வியும் பட்டியலைப் பாதியாக்க முடிந்தால், எட்டுக் கேள்விகளில் 2×2×2×2×2×2×2×2 = 256 பொருள்களைப் பிரித்தறியலாம். 247 அதற்குள் அடங்கிவிடுகிறது! ஆனால் 247ஐச் சரிபாதியாக்கும் பட்டியல்களை எந்த நோயாளியால் மனத்தில் வைத்திருக்க முடியும்? இங்கேதான் நம் இலக்கண ஆசிரியர் கைகொடுக்கிறார். மெய்யெழுத்துகள் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறாறாகப் பிரிந்து கிடக்கின்றன. உயிரெழுத்துகள் குறில், நெடில் என்று பிரிந்து கிடக்கின்றன. பள்ளியில் படித்த எவருக்கும் இது பழக்கம்.

'வலி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து வல்லினமா? இல்லை. மெல்லினமா? இல்லை. ஆகவே இடையினம். யகரமா, ரகரமா, லகரமா, வகரமா? நான்காவதில் ஆம். குறிலா? ஆம். அகரமா? ஆம். மொத்தம் எட்டுக் கேள்விகள். அடுத்த எழுத்துக்கு இடையினம் வரை 2, லகரம் வரை 3, குறிலுக்கு 1, அகரம் தாண்டி இகரத்திற்கு 2, அதுவும் எட்டு. ஆக 16 கேள்விகளில் 'வலி' வந்துவிட்டது. இனம் பிரிக்காமல் க, ங, ச என்று வரிசையாகவே கேட்டுக்கொண்டு போயிருந்தால் முதல் எழுத்துக்கு 15, இரண்டாவதற்கு 16, ஆக 31 கேள்விகள் ஆகியிருக்கும். புள்ளி வைத்த எழுத்துக்கும் சொல் முதலில் வரும் தனி உயிருக்கும் இன்னுமொரு கேள்வி கூடும். எல்லா எழுத்தும் எட்டுக்குள் முடியும் என்றும் சொல்ல முடியாது. வகுப்பில் நண்பருடன் விளையாடிப் பார்த்து, உங்கள் பெயருக்கு எத்தனை கேள்வி ஆகிறது என்று எண்ணுங்கள். தமிழ்ப் பாட நூலின் ஒரு பக்கத்தை எடுத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, வரிசையை மாற்றி அமைத்தால் எண்ணிக்கை இன்னும் குறையும்.

முதல் இரண்டு எழுத்திலேயே சொல்லை ஊகித்துவிடலாம் என்பதும் உண்மை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது உதவாது. அவருக்குத் தாகம், வலி, மூச்சு, குளிர், பயம், புரண்டு படுக்க, வீட்டார் என்று படங்கள் வரைந்த பலகை வேண்டும். விரல் சுட்டிய இடத்தைப் பேசிக்காட்டும் மின்னணுப் பலகைகளும், கண் பார்க்கும் திசையைப் பின்தொடரும் கருவிகளும் இன்று இருக்கின்றன. அவை நல்லவையே. ஆனால் பலகையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, பொறுமையாகக் காத்திருக்க ஒருவர் வேண்டும்.

கிடைக்கும் விடையை நம்பலாமா என்பது இன்னொரு சிக்கல். கடும் நோயில் மனக்குழப்பம் உண்டாவது மிகவும் சாதாரணம். இதைக் கண்டறிய அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி ஈலியும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட சோதனைக்குக் குரலே தேவையில்லை. பத்து ஆங்கில எழுத்துகளைச் செவிலியர் மெதுவாகச் சொல்வார். 'ஏ' வரும்போதெல்லாம் நோயாளி அவர் கையை அழுத்த வேண்டும். பிறகு தலையசைத்துப் பதில் சொல்லும் கேள்விகள்: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் உண்டா? சுத்தியலால் ஆணி அடிக்கலாமா? எரிமலைப் பகுதிகளில் கிடைக்கும் நுரைக்கல் மிதக்குமே என்று நீங்கள் குறும்பாகக் கேட்பது எனக்குக் கேட்கிறது. இயற்பியல் படித்த நோயாளிகளால் மருத்துவர்களுக்கு இது ஒரு தொல்லைதான்!

காற்றுக்குத் திரும்பவும் வழி

குழாய் நெடுநாள் தேவைப்பட்டால், வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கழுத்தில் சிறு துளையிட்டு, குரல் நாண்களுக்குக் கீழே பொருத்துவார்கள். இப்போது வாய் விடுதலையாகிறது, உதட்டசைவு தெளிவாகிறது, ஆனால் ஒலி இன்னும் இல்லை. இந்நிலையில் தகுதியுள்ளவர்களுக்குப் பேச்சு வால்வு என்ற ஓர் எளிய சாதனம் உண்டு. தசைச்சிதைவு நோயால் தாமே சுவாசக் கருவியைச் சார்ந்திருந்த டேவிட் மியூர் என்னும் அமெரிக்கர் 1980களில் இதை உருவாக்கினார். சைக்கிள் டியூபின் வால்வைப் போல இதுவும் ஒரே திசையில்தான் காற்றை விடும். மூச்சு இழுக்கும்போது திறக்கும், விடும்போது மூடிக்கொள்ளும். வெளியேற வேண்டிய காற்றுக்குக் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக மேலேறி, குரல் நாண்களைக் கடந்து, வாய்க்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை. நாண்கள் அதிர்கின்றன; பேச்சு வருகிறது.

முன்பு சொன்ன பலூன் இப்போது என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். அது முழுவதும் காற்றிறங்கியிருக்க வேண்டும். ஊதிய பலூனோடு வால்வை மாட்டினால் மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழியே இராது. அதனால்தான் வால்வை மாட்டுமுன் பலூனில் காற்று இல்லை என்பதைச் செவிலியர் உறுதிசெய்துகொள்கிறார். மாட்டியபின் மூச்சையும் முகத்தையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.

வாய்க் குழாயோடு இருந்து தேறியவருக்கு, அதை எடுத்த சிறிது நேரத்தில் 'இருமுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்பது வழக்கம். வரும் குரல் பெரும்பாலும் கரகரவென்று, தணிந்து இருக்கும். குழாய் அழுத்தியிருந்த நாண்கள் வீங்கிக் கனத்திருக்கின்றன; வீணையில் தடித்த தந்தி மெதுவாக அதிர்வதைப் போல அவையும் மெதுவாக அதிர்கின்றன. இரண்டும் சரியாக ஒட்டாததால் இடையே காற்றும் கசிகிறது. பலருக்கு இது சில நாட்களில் சரியாகிவிடும். நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்ப்பார். தாத்தாவின் குரல் மாறிவிட்டதே என்று அஞ்சாமல் காதை அருகே கொண்டுபோய்க் கேளுங்கள். அந்த இரண்டொரு நாட்களுக்கு அட்டையும் பேனாவும் தலையணையருகே இருக்கட்டும்.